கஷாயம் எதுவரைக்கும்?

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம், ஏழாம் மாதம் நடக்கிறது. எங்கள் ஊரில் மூலிகை வைத்தியம் பார்க்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். என் மாமியாருக்கே பிரசவம் பார்த்தவர். தேதி நெருங்கும்போது விளக்கெண்ணெய் குடித்தால் சுகப்பிரசவம் ஆகும், ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாம் என்கிறார். நம்பலாமா? - வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: முதலில் விளக்கெண்ணெயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் ரிசினோலிக் அமிலம் குடலைக் கிளப்பிவிடுவதோடு கருப்பையையும் சுருங்க வைக்கும், அது எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பது யார் கையிலும் இல்லை, நாலு தடவை வயிற்றுப்போக்கு ஆகி உடம்பு துவண்ட பிறகு வலி வந்தால் முக்குவதற்குத் தெம்பு எங்கிருந்து வரும்? முன்பே சிசேரியன் ஆனவர்கள் என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

நானும் சித்த மருத்துவம் பார்ப்பவள்தான். கர்ப்பிணி ஒருவர் வந்தால் நாடி பார்ப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரி நோட்டைத்தான் வாங்கிப் பார்ப்பேன். பிரஷர், சர்க்கரை, ஹீமோகுளோபின். அப்புறம் தூக்கம் எப்படி, மலம் சரியாகப் போகிறதா, வீட்டில் வேலை எல்லாம் யார் தலையில், சாப்பிட்ட உடனே டீ குடிக்கிறீர்களா (கீரையில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் டீ தடுத்துவிடும்) என்று கேட்டுக்கொண்டே போவேன். பாதி மருந்து அந்தப் பதில்களிலேயே கிடைத்துவிடும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் முருங்கைக்கீரையை மட்டும் நம்பி உட்காரக் கூடாது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும், கூடவே நெல்லிக்காய் சாப்பிட்டால் அந்தச் சத்து நன்றாகச் சேரும். குமட்டலுக்கு இஞ்சியை உலக சுகாதார நிறுவனமே 2016 வழிகாட்டுதலில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அரசு சித்தா பிரிவுகளில் கர்ப்ப காலத்துக்கும் பிரசவத்துக்குப் பிறகும் என 11 மருந்துகள் கொண்ட மகப்பேறு சஞ்சீவி பெட்டகமும் உண்டு, எந்த மாதத்தில் எது என்பதை அங்கே மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அந்த அம்மாவை விட்டுவிடாதீர்கள். அவரிடம் இருக்கும் பெரிய விஷயம் அவருடைய கையும் பொறுமையும். வலி வரும்போது இடுப்பைத் தேய்த்துவிட்டு, நடக்கவைத்து, பயப்படாதே தாயி என்று பக்கத்திலேயே இருக்க ஒருவர் வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு 2004-லேயே வந்துவிட்டது. நீங்கள் போகும் இடத்தில் இப்போதே கேட்டு வைத்து, அவரையே கூட்டிப்போங்கள்.

பிரசவம் மட்டும் ஆஸ்பத்திரியில்தான். குழந்தை பிறந்ததும் கருப்பை சுருங்காமல் போனால் ரத்தம் நிமிடங்களில் கொட்டிவிடும். அங்கே ஆக்சிடோசின் ஊசி தயாராக இருக்கும், அந்த வேகத்துக்கு ஈடாக என்னிடம் ஒரு மூலிகையும் இல்லை. 2018-ல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஓர் இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

கேள்வி: சூட்டு வலியா, பிரசவ வலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? - வாசகி, கோவில்பட்டி

பதில்: பாட்டிமார் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்கள், சூட்டு வலி என்றால் அடங்கிவிடும். இதில் விஷயம் இருக்கிறது. பொய் வலி வெதுவெதுப்பாக எதையாவது குடித்துவிட்டுச் சற்றுப் படுத்தாலே பெரும்பாலும் தணியும், நிஜ வலி இடைவெளி குறைந்துகொண்டே வந்து பலமாகும். ஆனால் இது மாதம் நிறைந்தவர்களுக்கு மட்டும்தான். 37 வாரத்துக்கு முன்னால் விட்டுவிட்டு வலித்தாலோ, எந்த மாதமானாலும் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ கஷாயத்துக்கு அடுப்பே பற்றவைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பிரசவமாகி ஐந்து நாள் ஆன என் மகளுக்குப் பச்சை உடம்பு என்று சம்பந்தி வீட்டில் தண்ணீரே தருவதில்லை. சரியா? - வாசகி, தேனி

பதில்: சரியில்லை. பால் கொடுப்பவளுக்குத் தாகம் கூடத்தான் செய்யும், தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும்தான் மிச்சம், தையல் போட்டிருந்தால் அந்த வேதனை சொல்லி முடியாது. சம்பந்தியம்மாவிடம் சண்டை வேண்டாம், சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் என்றால் அவர்களும் மறுக்க மாட்டார்கள். ஒரு சொம்பு நிறைய மகள் கைக்கெட்டும் இடத்தில் இன்றைக்கே வைத்துவிடுங்கள். பூண்டு, சுறாப்புட்டு, பிரசவ லேகியம் எல்லாம் அவளுக்கு ஒத்துக்கொள்கிற அளவுக்குத் தொடரட்டும்.