இடப்பக்கச் சிரை மாறியிருந்தால் பேஸ்மேக்கரை வலப்பக்கம் வைப்பது ஏன்?

உங்கள் தந்தையை மேசையில் படுக்க வைத்த பிறகு, இடப்பக்கச் சிரை அமைப்பு மாறியிருக்கிறது என்று சொல்லிப் பேஸ்மேக்கரை வலப்பக்கம் பொருத்தினார்கள். முன்பே தெரிந்திருக்க வேண்டாமா, இது ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். கேத் லேபில் (இதயத்துக்குள் குழாயும் கம்பியும் செலுத்திச் சிகிச்சை செய்யும் கூடத்தில்) தொழில்நுட்பராக எக்ஸ்ரே திரைக்கு அருகே பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அவரைப் பற்றிய முடிவான பதிலை அவருடைய மருத்துவரே தர முடியும்.

நீங்கள் விவரிப்பது இடப்பக்க மேற்பெருஞ்சிரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தலையிலும் கைகளிலும் இருந்து திரும்பும் இரத்தம், நம்மில் பெரும்பாலோருக்கு வலப்பக்கமுள்ள ஒரே பெருஞ்சிரை வழியாக வலது மேலறையை அடைகிறது. கருவில் எல்லோருக்கும் இருபுறமும் சிரை உண்டு. இடப்பக்கத்தது பிறப்பதற்கு முன்பே சுருங்கி நார்போல் ஆகிவிடும். 1,000 பேரில் 3 முதல் 5 பேருக்கு அது மறையாமல் தங்கி, பெரும்பாலும் இதயத்தின் பின்புறமுள்ள, வலது மேலறையில் திறக்கும் கொரோனரி சைனஸ் என்ற சிரையில் போய்ச் சேர்கிறது. இரத்தம் சேர வேண்டிய அறைக்கே சேர்ந்துவிடுவதால் தொந்தரவு எதுவும் இராது. ஆகவே முதுமை வரை தெரியாமல் இருந்ததில் வியப்பில்லை. எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்) கொரோனரி சைனஸ் விரிந்து காணப்பட்டால் ஐயம் எழும்தான். ஆனால் துடிப்பு குறைந்து மயங்கி விழுந்தவருக்கு அவசரமாக எடுக்கும் எக்கோவில் அதைத் தேடுபவர் குறைவு.

வழக்கமாக இடது காரையெலும்புக்குக் கீழே ஊசி குத்திச் செலுத்தும் வழிகாட்டிக் கம்பி, முதுகெலும்பைக் கடந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பாமல் இடப்பக்கமாகவே நேரே இறங்கினால், தமனிக்குள் போய்விட்டதோ என்ற அச்சம்தான் எங்களுக்கு முதலில் வரும். ஊசியில் வந்தது துடிப்பில்லாத கருஞ்சிவப்பு இரத்தம்தானா என்று பார்த்து, இடது கைச் சிரையில் சாய மருந்து செலுத்திப் படமெடுத்த பிறகே கூடத்தில் பேச்சு திரும்பும்.

அந்த வழியாகவும் பொருத்தலாம், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கொரோனரி சைனஸ் வழியாக மேலறைக்குள் வரும் லீட் (பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குப் போகும் மின்கம்பி), வலது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மூவிதழ் வால்வுக்கு முதுகைக் காட்டியபடி நுழைகிறது. உள்ளிருக்கும் ஸ்டைலட் கம்பியைக் கையால் வளைத்து, லீடை மேலறையின் பக்கச் சுவரில் சாய்த்து வளையம்போல் திருப்பித்தான் வால்வைக் கடந்து கீழறைக்குள் இறக்க வேண்டும். அது நழுவாதிருக்க நுனியில் திருகுள்ள லீடையே எடுப்பார்கள். நேரமும் கதிர்வீச்சும் கூடும். வலப்பக்கப் பெருஞ்சிரையும் இருக்கும்போது, பெரும்பாலோருக்கு அது இருக்கவே செய்யும், அங்கே மாறிக்கொண்ட உங்கள் மருத்துவரின் முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. அதுவும் இல்லாதவர்களுக்குத்தான், தொடைச் சிரை வழியாக வைக்கும் லீட் இல்லாத பேஸ்மேக்கரையோ, அறுவை செய்து இதயத்தின் வெளிப்புறத்தில் லீடைப் பொருத்துவதையோ யோசிக்க வேண்டியிருக்கும். முதல் வகைக்கு அமெரிக்காவில் 2016இல் ஒப்புதல் கிடைத்தது.

ஒன்று மட்டும் மறக்காமல் செய்யுங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரியில் இந்தச் சிரை அமைப்பைத் தெளிவாக எழுதி வாங்கி, பேஸ்மேக்கர் அட்டையுடன் சேர்த்து வையுங்கள். பின்னொரு நாள் ஐசியுவில் அவருக்குக் கழுத்தின் இடப்பக்கம் குழாய் போட நேர்ந்தால், எக்ஸ்ரேயில் அது தமனிக்குள் கிடப்பதுபோல் தோன்றும்; காரணம் தெரியாதவர் அதை உருவி எடுத்துவிட்டு மறுபடி குத்துவார்.