பாட்டுக்குள் ஒரு கதை

கேள்வி: கதை சொல்லும் இசைக் காணொளியை இயக்குபவர் பாடல் வரிகளைப் படமாக்குகிறாரா, அல்லது குறும்படம் ஒன்றை எடுத்து அதில் பாடலைப் பொருத்துகிறாரா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: இரண்டும் உண்டு, நினைவில் நிற்பவை பெரும்பாலும் இரண்டாம் வகை என்பது என் கருத்து. 1983 டிசம்பரில் வெளியான மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஏறத்தாழ 14 நிமிடம் ஓடுகிறது. பாட்டோ இசைத்தட்டில் 6 நிமிடத்தைக்கூட எட்டவில்லை. இயக்குநர் ஜான் லாண்டிஸ் 1981-இல் ஓநாய் மனிதனைப் பற்றிய திகில் படம் எடுத்தவர். அதைப் பார்த்தே ஜாக்சன் அவரை அழைத்தார். அந்தப் படத்தின் ஒப்பனைக் கலைஞரான ரிக் பேக்கரும் உடன் வந்தார்.

லாண்டிஸ் பாட்டை இருந்தபடியே ஓடவிடவில்லை. திரையரங்கிலிருந்து வெளியேறும் இணை தெருவில் நடந்து செல்கையில் சரணங்கள் அனைத்தும் அடுத்தடுத்துப் பாடப்பட்டுவிடுகின்றன; இசைத்தட்டில் அவற்றுக்கு இடையிடையே வரும் பல்லவியோ, கல்லறைகளிலிருந்து பிணங்கள் எழுந்து, நாயகனும் அவற்றுள் ஒன்றாகி ஆடத் தொடங்கிய பிறகே ஒலிக்கிறது. கதையின் உச்சத்துக்காகப் பல்லவியைக் காக்கவைத்த இந்தத் துணிச்சலை, ஆட்டத்தை மட்டும் நகலெடுத்த பலர் கவனிக்கவே இல்லை.

செலவைச் சமாளித்த விதமும் சுவையானது: படப்பிடிப்பைப் பற்றியே ஓர் ஆவணப்படம் எடுத்து, அதன் ஒளிபரப்பு உரிமையைத் தொலைக்காட்சிகளுக்கு விற்றார்கள்.

நீங்கள் எடுக்கப்போகிறீர்கள் என்றால், முதலில் இசையமைப்பாளருடன் அமர்ந்து, பாட்டை எங்கெங்கே நிறுத்தலாம், எந்தப் பகுதியை இடம் மாற்றலாம் என்று பேசி, அவருடைய இசைவைப் பெற்றுவிடுங்கள்.