சென்னையில் அடிமை வியாபாரம் நடந்ததா? ஆவணங்களில் எப்படித் தேடுவது?

நடந்தது. இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடம் பழைய கறுப்பர் நகரம், அதாவது புனித ஜார்ஜ் கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பகுதி. அங்கிருந்த சாவடியில் (வழக்குகளை விசாரித்த இடம்) அடிமை விற்பனையைப் பதிவு செய்தார்கள். 1688-இல் கோட்டையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி நிர்வாகம் அடிமை ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோட்டையின் ஆலோசனைக் குறிப்புகளை முதலில் கேளுங்கள். அச்சான தொகுதிகள் இருப்பதால் பழைய கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். அப்புறம் வருவாய் வாரியத்தின் 1819 விசாரணை. கலெக்டர்கள் எழுதிய பதில்களில்தான் வயல்வெளி அடிமைத்தனம் தெரியும்: ஆளை நிலத்தோடு சேர்த்தும், சில இடங்களில் தனியாகவும் விற்றது, அடகு வைத்தது. 'அடிமை' என்று மட்டும் தேடாதீர்கள். பண்ணையாள், படியாள், சாதிப் பெயர்கள் என்று தேடுங்கள். சந்தேகம் வந்தால் விளிம்புக் குறிப்பைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஆட்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே மாடுகளின் எண்ணிக்கை. ஒரு பெயர்கூட இல்லை. அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்குக் கொஞ்ச நேரமானது.

1843 சட்டத்தை 'ஒழிப்பு' என்று எழுதிவிடாதீர்கள். அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது, அவ்வளவுதான். அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860 தண்டனைச் சட்டத்தில், அது நடைமுறைக்கு வந்தது 1862-இல்.