மீட்டர் கையில் இருப்பவன்தான் முதலில் ஓடுவானா?

"அணுமின் நிலையத்தில் அவசரநிலை வந்தால் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவினருக்கு என்ன வேலை? மீட்டர் அவர்கள் கையில்தானே இருக்கிறது, முதலில் தப்பித்து ஓடுவதும் அவர்கள்தானாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் படித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த 'தானாமே'தான் என்னை உட்கார்ந்து தட்டச்ச வைத்துவிட்டது.

கேட்ட தோரணையைப் பார்த்தால் உங்கள் வீட்டில் ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் ஹெல்த் பிசிக்ஸ், அதாவது கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறான். பெரியப்பாவோ மாமாவோ கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "அணுவுலைப் பையனாச்சே, நாளைக்கு ஒண்ணுன்னா?" என்று ஆரம்பித்திருக்கிறார். எனக்குப் பெண் பார்த்தபோதும் இதே விசாரணை நடந்தது. இரண்டு பிள்ளைகள், ஒரு பேத்தி, எல்லோரும் சுகம். நான் ஊகித்தது தப்பென்றால் விட்டுவிடுங்கள்.

நான் விஞ்ஞானி அல்ல. வடக்கே ஒரு கனநீர் அணுமின் நிலையத்தில் (சாதாரணத் தண்ணீரைவிடக் கனமான நீர் ஓடும் உலை) கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரைத் தூக்கிக்கொண்டு நடந்து ஓய்வு பெற்றவன். எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன், பென்ஷன் வாங்குகிறவன்.

நேரடிப் பதில்: ஓட முடியாது. சைரன் ஊதியதும் எல்லோரும் போய்க் கூடும் இடம் பாதுகாப்பானதா என்று முதலில் அளந்து சொல்ல வேண்டியவர்களே நாங்கள்தான். அதற்குப் பிறகு கட்டுப்பாட்டு அறை. அங்கிருப்பவர்கள் எழுந்து போக முடியாது என்பதால் அந்த அறையின் காற்றைத் திரும்பத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். வால்வை மூடவோ அடிபட்டவரைத் தூக்கவோ யாராவது உள்ளே போனால் எந்த வழியாகப் போவது, எங்கே நிற்கக் கூடாது, எத்தனை நிமிஷத்தில் வெளியே வர வேண்டும் என்று சொல்லிக் கூடவே இருக்க வேண்டும். அடிபட்டவர் உடம்பில் கதிரியக்கத் தூசி இருந்தாலும் முதலில் உயிர், பிறகுதான் கழுவல். செர்னோபில் அணுவுலை வெடித்த இரவு பணியில் இருந்த, கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர்க்காரர் நிகோலாய் கோர்பச்சென்கோ இடிபாடுகளுக்குள் புகுந்து விளாதிமிர் ஷஷெனோக் என்ற தொழிலாளியைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர். அவர் கையிலும் மீட்டர் இருந்தது.

இனி என் கதை. தொண்ணூறுகளில் ஒரு இரவு ஷிப்ட். ஒரு பம்ப் அறையில் பீட்டில் அலாரம் அடித்தது. கனநீர் கசிந்து தரையில் பட்டால் சொல்லிவிடும் சின்ன உணரிக்குத்தான் எங்கள் பாஷையில் பீட்டில் என்று பேர்.

கனநீர் அணுவுலையில் வேலை பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் புரியாது. உலையில் ஓடிய கனநீரில் டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்திருக்கும். அது விடும் பீட்டாக் கதிருக்கு வலு மிகக் குறைவு, மீட்டரின் சுவரைக்கூடத் தாண்டாது. ஆனால் ஆவியாக மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் புகுந்துவிடும். அதாவது முள் அசையாத அறையே உள்ளே போகக் கூடாத அறையாக இருக்கலாம். காற்றை ஒரு புட்டித் தண்ணீருக்குள் குமிழி குமிழியாகச் செலுத்தி, அந்தத் தண்ணீரை லிக்விட் சின்டிலேஷன் கவுண்டர் என்ற ஆய்வகக் கருவியில் வைத்து எண்ணினால்தான் தெரியும். அதற்கு நேரம் பிடிக்கும்.

ஷிப்ட் இன்சார்ஜுக்கு அந்த நேரம் இல்லை. நல்ல மனிதர்தான், ஆனால் அன்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனில், "ரீடிங் என்ன? ரீடிங் சொல்லு!"

"சாம்பிள் ஓடிட்டு இருக்கு சார். முடியட்டும்."

"ஏதாவது ஒரு நம்பர் சொல்லுய்யா!"

ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது உலகத்திலேயே சுலபமான வேலை. நான் சொல்லவில்லை.

இதற்கிடையே என்னோடு இருந்த பயிற்சிப் பையன் கதவோரம் நின்று டெலிடெக்டரை நீட்டிக் காமாக் கதிரின் அளவு எடுத்தான். தூண்டில் மாதிரி நீளும் கம்பி, நுனியில் உணரி, ஆள் தள்ளி நின்று படிக்கலாம். ஒரு குழாயை ஒட்டி வைத்தபோது மணிக்கு 180 மில்லிராண்ட்ஜன் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). இரண்டடி தள்ளினால் அதில் சொற்பம்தான். பையன் லாக் புத்தகத்தில் ஒழுங்காகத்தான் எழுதினான்: இன்ன குழாய், ஒட்டி வைத்து, இத்தனை மணிக்கு, இன்ன கருவி. ஆனால் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்த யாரோ ஒருவர் போனில் சொன்னது 180 என்பதை மட்டும்.

அந்த 180 எப்படி ஊழியர் குடியிருப்புக்குப் போனது என்று இன்று வரை கண்டுபிடிக்கவில்லை. போகிற வழியில் குழாய் உதிர்ந்து, அறை உதிர்ந்து, கடைசியில் நிலையத்து "வேலியில் 180" என்று ஆகிவிட்டது. விடிவதற்குள் குடியிருப்பு வாசலில் நெரிசல். ஒரு ஸ்கூட்டரில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், நடுவில் ஒரு டிரங்குப் பெட்டி. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு அப்போது இருந்த கவலை, கசிவை நிறுத்த வால்வை மூட உள்ளே போக வேண்டிய இரண்டு ஆபரேட்டர்கள். டிரிடிய அளவு வந்ததும், காற்றுக்குழாய் இணைத்த பிளாஸ்டிக் உடுப்பு போட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வெறும் முகமூடி போதாது, தோல் வழியாகப் போகும் என்றேனே. உடுப்புக்குள் காற்று இரையும், வெளியே கத்தினால் கேட்காது. அதனால் குழாயை ஒரு தரம் இழுத்தால் பாதி நேரம் ஆயிற்று, இரண்டு தரம் இழுத்தால் கிளம்பு என்று பேசி வைத்தோம். கடிகாரத்தோடு ஏர்லாக் வாசலில் நான்.

வால்வு இறுகிக் கிடந்தது. இரண்டு தரம் இழுத்தேன். ஒருவர் வந்துவிட்டார். மற்றவர் இன்னும் அரைச் சுற்றுதான் என்று கையால் காட்டினார். மறுபடி இழுத்தேன், மறுபடியும் கையைக் காட்டினார். மூன்றாம் தரம் இழுத்த இழுப்பில் ஆள் தடுமாறித் திரும்பினார். வெளியே வந்து உடுப்பைக் கிழித்ததும் என் பரம்பரையையே இழுத்து இந்தியில் ஏசினார். அடுத்த ஜோடி போய் மூடியது.

நான் அவர் உயிரைக் காப்பாற்றினேன் என்று பீற்றிக்கொள்ளவில்லை. இன்னும் அரை மணி நேரம் நின்றிருந்தாலும் அவர் செத்திருக்க மாட்டார். ஆனால் நேரம் குறித்தவனே நேரத்தை விட்டுக்கொடுத்தால் அப்புறம் அந்த வாசலில் எனக்கு என்ன வேலை?

பொழுது விடிந்ததும் உள்ளே போனவர்கள், வாசலில் நின்றவர்கள் எல்லோரிடமும் சிறுநீர்ப் புட்டி. டிரிடியம் உடம்பில் எவ்வளவு ஏறியது என்று அதில்தான் தெரியும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வோம், சீக்கிரம் வெளியேறிவிடும். பிறகு ஜீப்பில் வேலியைச் சுற்றி வந்தேன். முள் எப்போதும் காட்டும் இயற்கைப் பின்னணியிலேயே கிடந்தது. வாசல் காவலாளி மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "சாஹப், அந்த 180 எங்கே?" என்றார்.

அவசரநிலை அறிவிக்கலாமா என்று பேச்சு நடந்ததோடு சரி, அந்த அளவுக்குப் போகவில்லை. அதனால் "பாருங்கள், மூடி மறைத்துவிட்டார்கள்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். பிறகு வந்த அறிக்கையில் எங்கள் பிரிவைப் பற்றி ஒரே ஒரு வரி: தகவல் தருவதில் தாமதம். நம்பரை ஊருக்குள் கசியவிட்டவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இது ஏதோ நம் ஊர்ச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று விபத்து. 30-ஆம் தேதி காலை ஒரு ஹெலிகாப்டர் புகைபோக்கிக்கு நேர் மேலே பறந்து மணிக்கு 1200 மில்லிராண்ட்ஜன் என்று அளந்தது. அதே சமயம் தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அணுசக்தி ஒழுங்குமுறை ஆணைய அதிகாரிகள் தரைமட்டத்தில் எவ்வளவு இருக்கும் என்று காகிதத்தில் போட்ட கணக்கும் தற்செயலாக 1200. புகைபோக்கி வாயில் எடுத்த அளவை ஊருக்குள் எடுத்ததாக நினைத்துக்கொண்டு மக்களை வெளியேற்றச் சிபாரிசு செய்தார்கள். ஒரே குழப்பம். அன்று மதியம் அந்த மாநில ஆளுநர் தார்ன்பர்க், ஐந்து மைல் சுற்றுவட்டாரத்தில் உள்ள கர்ப்பிணிகளும் பள்ளி வயது எட்டாத குழந்தைகளும் வெளியேறலாம் என்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள்.

எங்கே, எப்போது, எதைக் கொண்டு, எவ்வளவு தூரத்தில் என்ற நாலும் ஒட்டியிருந்தால்தான் அது அளவு. அவசரத்தில் அந்த நாலையும் உதிரவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் எங்கள் உத்தியோகம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்.

அளவு பழசானாலும் ஆபத்து. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில், சுனாமி விபத்துக்குப் பிறகு, 2011 மார்ச் 24 அன்று மூன்றாவது உலையின் டர்பைன் கட்டிட அடித்தளத்தில் கேபிள் போட மூன்று தொழிலாளர்கள் இறங்கினார்கள். முந்தைய நாள் பார்த்தபோது அங்கே தண்ணீர் பெரிதாக இல்லை, அளவும் குறைவு. அன்று புதிதாக அளக்காமலே இறங்கிவிட்டார்கள். கீழே தண்ணீர், அதுவும் கடும் கதிரியக்கத்தோடு. உடம்பு வாங்கும் கதிர்வீச்சைக் காட்டும் டோசிமீட்டர் கத்தியது, கருவி பழுது என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். மூவருக்கும் 170 மில்லிசீவர்ட்டுக்கு (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) மேல். இருவரின் காலில் பீட்டாக் கதிரால் தீப்புண் இருக்கலாம் என்று மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கிருந்த சக பணியாளர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சுனாமியில் சுமார் 5000 டோசிமீட்டர்கள் வீணாகி ஏறக்குறைய 320தான் மிஞ்சின. ஒரு குழுவுக்கு ஒன்று என்று கொடுத்து அனுப்பினார்கள். உடம்புக்குள் போனதை அளக்கும் கருவியும் சுற்றுப்புறக் கதிர்வீச்சு ஏறியதால் அங்கே பயன்படவில்லை. அவசரகால வரம்பு 100 மில்லிசீவர்ட்டிலிருந்து 250 ஆனது, அதையும் ஆறு பேர் தாண்டினார்கள். அதிகபட்சம் 678, அதில் பெரும்பகுதி மூச்சு வழியாகப் போனது. நம் ஊரில் சாதாரண நாளில் எங்களுக்கு ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20, எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதியதற்கு ஒரு கூட்டம் என்னை அணுசக்திக்கு ஜால்ரா என்னும். என் பழைய சகாக்களோ, "இவன் ஏன் பழசைக் கிளறுகிறான்" என்பார்கள். கூடங்குளம் வேண்டுமா வேண்டாமா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அது என் தகுதிக்கு மீறியது, உங்கள் கேள்வியும் அதுவல்ல.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். ஓய்வுக்குப் பிறகு சென்னைப் புறநகரில் ஒரு அடுக்ககத்தில் இருக்கிறோம். எதிர்க் கட்டிட மொட்டைமாடியில் செல்போன் டவர் வந்தது. சங்கச் செயலாளர் வந்து, "அங்கிள், நீங்க ரேடியேஷன்லதானே இருந்தீங்க, மீட்டர் வெச்சுப் பாத்து சர்டிபிகேட் குடுங்க" என்றார். மீட்டர் என் சொத்தில்லை தம்பி, இருந்தாலும் அது காமாவுக்கு, டவரில் வருவது ரேடியோ அலை, இரண்டும் வேறு ஜாதி, இயற்கையாகவே கதிரியக்கம் உள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் வைத்தால்கூட அந்த மீட்டர் ஆடும், டவருக்கு ஆடாது என்று அரை மணி நேரம் விளக்கினேன். "அப்போ அங்கிளுக்குத் தெரியாது" என்று முடிவு செய்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஒருவன் வந்து கதிர்வீச்சைத் தடுக்கும் ஸ்டிக்கர் என்று போன் பின்னால் ஒட்டப் பளபளக் காகிதம் விற்றான். சங்கமே மொத்தமாக வாங்கி, மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் ஏற்றியது. எனக்கும் சேர்த்து.

சரி, கேள்விக்கு வருகிறேன், வேலிக்கு வெளியே நடப்பது பாக்கி இருக்கிறது. விபத்து கட்டிடத்தோடு நின்றால் ஒரு வகை அவசரநிலை, வளாகத்தோடு நின்றால் இன்னொரு வகை, வேலியைத் தாண்டினால் மூன்றாவது வகை. மூன்றாவதில் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்குப் போய்விடும். எங்களில் சிலர் ஜீப்பில் ஏறி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து ஊர்களில் அளப்போம். 16 கிலோமீட்டர் வரைக்கும் திட்டம் போட்டு வைத்திருப்பார்கள். வெளியேற்றச் சொல்வதோ, வீட்டுக்குள் இருக்கச் சொல்வதோ, ஐயோடின் மாத்திரை கொடுப்பதோ நாங்கள் எடுக்கும் முடிவல்ல. நாங்கள் கொடுப்பது அளவு.

மண், புல், தண்ணீர், மீன் எல்லாம் எடுத்தாலும் அந்த முதல் நாட்களில் என் கண் பாலில்தான் இருக்கும். விபத்தில் வெளிவரும் கதிரியக்க ஐயோடின்-131 புல்லில் படியும், மாடு மேயும், பாலில் வரும், குழந்தையின் தைராய்டில் போய் உட்காரும். அதன் அரை ஆயுள் எட்டு நாள்தான், அதாவது எட்டு நாளுக்கு ஒரு தரம் பாதியாகும். சில வாரங்கள் அந்தப் பாலைக் கொடுக்காமல் இருந்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். செர்னோபிலைச் சுற்றிப் பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததில் பெரும்பங்கு பாலுக்குத்தான்.

நான் கலந்துகொண்ட ஒத்திகைகளில் பால் சாம்பிள் எடுத்தோம், சீசாவில் சீட்டு ஒட்டினோம், ஆய்வகத்துக்கு அனுப்பினோம், படமும் எடுத்துக்கொண்டோம். அளவு மோசமாக வந்தால் விடிகாலையில் கேனோடு கிளம்பும் பால்காரரை நிறுத்தி, "இன்று ஊற்றாதே, உனக்கு உண்டான காசு இன்னாரிடம் வாங்கிக்கொள்" என்று சொல்லப்போவது யார் என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள்.