ஒளிக்கு ஒருவழிப் பாதை உண்டா?

கேள்வி: தெருப் பக்க ஜன்னலுக்கு ‘ஒன்வே ஃபிலிம்’ ஒட்டினோம். பகலில் வெளியிலிருந்து உள்ளே தெரிவதில்லை. ராத்திரி விளக்குப் போட்டால் வீடே தெருவுக்குத் தெரிகிறது. ஒளியை ஒரு பக்கம் மட்டும் விடும் போட்டானிக் கிரிஸ்டல் வந்துவிட்டதாமே, அதில் ஜன்னல் செய்ய முடியாதா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: அந்த ஃபிலிம் மெல்லிய உலோகப் பூச்சுதான், அம்மா. இரண்டு பக்கமும் ஒரே அளவு ஒளியைத்தான் விடும். பகலில் தெருவெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, உள்ளிருந்து வரும் கொஞ்ச ஒளியை அமுக்கிவிடுகிறது. ராத்திரியில் வெளிச்சம் உங்கள் பக்கம். திரைச்சீலை போடுங்கள், வேறு வழியில்லை.

போட்டானிக் கிரிஸ்டல் என்பது இரண்டு பொருள்களை, ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய இடைவெளியில், மாற்றி மாற்றி ஒழுங்காக அடுக்கிய அமைப்பு. குறிப்பிட்ட அலைநீள ஒளி எந்தத் திசையிலும் நுழைய முடியாதபடி இப்படி அடுக்கலாம் என்ற எண்ணத்தை இயற்பியலாளர்கள் எலி யப்லோனோவிச்சும் சஜீவ் ஜானும் 1987-இல் தனித்தனியாக முன்வைத்தார்கள். தடுப்பதில் அது கெட்டிக்காரப் பொருள். ஆனால் ஒருவழி என்பது வேறு சங்கதி.

தாமிரபரணிக் கரையில் மீன் பறி பார்த்திருப்பீர்கள். வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகும். போன மீன் வெளியே வராது. ஏன்? திரும்பும் துளை அதற்குப் பிடிபடுவதில்லை. துளை என்னவோ திறந்துதான் கிடக்கிறது. வெறும் வடிவத்தை மட்டும் நம்பிச் செய்யும் ‘ஒருவழி’ கிரிஸ்டல்களும் இப்படித்தான். இடமிருந்து நேராக வரும் ஒளி சாய்ந்த கற்றைகளாகப் பிரிந்து வலப்பக்கம் வெளியேறும். வலமிருந்து நேராக வரும் ஒளி தடைபடும். அளந்தால் ஒருவழி போலவே இருக்கும். ஆனால் வெளியேறிய அதே சாய்வில் ஒளியைத் திருப்பி அனுப்புங்கள், வந்த வழியே போய்விடும்.

பெரிய ஆய்வாளர்களும் இங்கே இடறியிருக்கிறார்கள். காந்தமே இல்லாமல் சிலிக்கான் சிப்பில் ஒருவழி ஒளி என்று 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அடுத்த வருடமே ஷான்ஹூய் ஃபான் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதே இதழில் மறுத்து எழுதினார்கள். அதனால் இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது, காந்தம் இருக்கிறதா என்பதைத்தான். இல்லையென்றால் பொருளின் ஒளிவிலகல் எண்ணை நேரத்துக்கு நேரம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது ஒளியின் வலிமைக்கேற்ப நடத்தை மாறும் பொருளாக இருக்க வேண்டும். இது எதுவுமே இல்லையென்றால் அது பறிதான்.

காந்தம் என்ன செய்கிறது? கல்லூரி லேபில் சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புவதை அளந்திருப்பீர்கள். அந்த ஒளியைக் கண்ணாடி வைத்துத் திருப்பி அனுப்பினால் திரும்பியதெல்லாம் பழையபடி நேராகிவிடும். 1845-இல் ஃபாரடே, ஈயம் கலந்த கனமான கண்ணாடியைக் காந்தத்துக்கு நடுவே வைத்துப் பார்த்த திருப்பம் வேறு மாதிரி. போகும்போது 45 டிகிரி, வரும்போது அதே பக்கமாக இன்னொரு 45. மொத்தம் 90. வாசலில், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் ஒன்று இருந்தால் திரும்பி வந்த ஒளி அங்கேயே நின்றுவிடும். இதுதான் ஐசொலேட்டர், ஒளிக்கு ஒருவழிக் கதவு.

இந்தக் காந்தத்தைப் போட்டானிக் கிரிஸ்டலுக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று இயற்பியலாளர்கள் ஹால்டேனும் ராகுவும் 2008-இல் எழுதினார்கள். 2009-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அதைச் செய்தே காட்டினார்கள். இரும்பு கலந்த கார்னெட் என்ற படிகப் பொருளால் ஆன குச்சிகள், 4 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரம் சதுரமாக. சுற்றிலும் 0.2 டெஸ்லா காந்தப்புலம். 4.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை (மைக்ரோவேவ்) அதன் ஓரமாக ஒரே திசையில் ஓடியது. குறுக்கே உலோகத் தகடு வைத்தார்கள். அலை திரும்பி வரவில்லை, தகட்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது! இன்றும் அதை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. ஆனால் அது நுண்ணலை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் காந்தத்தின் பிடி மிகவும் தளர்ந்துவிடுகிறது. ஜன்னல் அளவுக்கெல்லாம் எட்டாது.

கேள்வி: ஜன்னலுக்கு உதவாது என்றால், ஒளியை ஒருவழியாக்க இத்தனை பாடு எதற்கு?
– ஒரு மாணவர், காரைக்குடி

பதில்: எம்.எஸ்சி. ப்ராஜெக்டில் எனக்கு ஒரு டயோடு லேசர் கொடுத்தார்கள். பவர் மீட்டரில் எண் ஒரு நிமிடம் நிற்காது. இரண்டு நாள் பேட்டரி, ஒயர், மேஜை எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். லேப் அண்ணன் ஒருவர் வந்து லென்ஸைத் துளி சாய்த்தார், எண் நின்றுவிட்டது. லென்ஸில் பட்டுத் திரும்பிய ஒளி லேசருக்குள்ளேயே புகுந்து அதைக் குழப்பியிருக்கிறது. ஃபைபர் கேபிள்களுக்கு ஒளி தரும் லேசர்களுக்கும் இதே தொல்லை உண்டு. எல்லாவற்றையும் சாய்த்துவைக்க முடியாது, அதனால் ஐசொலேட்டர் வைக்கிறார்கள். நான் பின்னால் கையில் எடுத்துப் பார்த்தது கட்டைவிரல் பருமன் உருளை, மேலே ஒரு அம்புக்குறி. சிப்புக்குள் அவ்வளவு பெரிய காந்தத்தை எங்கே வைப்பது? ஆய்வுகள் ஓடுவது அதற்காகத்தான்.

கேள்வி: மயிலிறகும் போட்டானிக் கிரிஸ்டலா?
– ஒரு வாசகர், விராலிமலை

பதில்: ஆமாம். இறகின் நுண்ணிழைகளில் மெலனின் என்ற நிறமியின் குச்சிகள், நிறத்துக்கேற்ப சுமார் 140 முதல் 165 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. நீலம், பச்சை எல்லாம் அந்த அடுக்கு தருவது. அடுக்கு சிதையும்படி இறகை நன்றாக அரைத்துவிட்டால் நீலம் போய்விடும், மெலனினின் பழுப்பு மட்டும் மிஞ்சும்.