வெள்ளிக்கு விலை பேசிய பெட்டிகள்

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 31. கோத்தகிரி பஜாரில் அப்பா 1976 முதல் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பத்து வருடமாகக் கல்யாண ஆர்டர் எடுப்பது நான்தான். வருமானம் உண்டு, மனசுதான் ஒட்டவில்லை. ஆவணப் புகைப்படம்தான் என் வழி என்று முடிவு செய்துவிட்டேன். தோடர் பழங்குடியினரின் மந்துகளில், அதாவது அவர்கள் குடியிருப்புகளில், நாலு வருடமாக எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு வெளியூரில் ஓராண்டுப் படிப்புக்கு இடம் தந்திருக்கிறார்கள். செலவு நாலரை லட்சம். அப்பாவுக்கு 72 வயது. தடுக்கவில்லை, ஆனால் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை. கல்யாணத்தை முடித்துவிட்டுப் போ என்று அம்மா அழுகிறார். பணம் புரட்டுவதற்காகக் கடையில் பாதியை மொபைல் கடைக்கு வாடகைக்கு விடுகிறோம். இடத்தை ஒதுக்கும்போது பரணிலிருந்து அப்பாவின் பழைய நெகட்டிவ் பதினோரு டிரங்குப் பெட்டி இறங்கியது. ஒரே பூஞ்சை, புளிச்ச வாடை. கோவையிலிருந்து ஒருவர் எடுத்துக்கொள்கிறார். கருப்பு வெள்ளை மட்டும் போதுமாம், கலர் வேண்டாமாம். ரெண்டாயிரம் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். குடும்பமா கலையா என்று தவிக்கிறேன். வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: தம்பி, குடும்பமா கலையா என்ற கடிதம் இந்தப் பகுதிக்கு மாதம் தவறாமல் வருகிறது. ஒருவருக்கு சினிமா, ஒருவருக்கு நாடகம், உங்களுக்கு கேமரா. தைரியமாகப் போங்கள், ஜெயிப்பீர்கள் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கண் நின்றது கோவைக்காரர் மேல்தான்.

கருப்பு வெள்ளை மட்டும் போதும் என்று ஏன் சொன்னார், யோசித்தீர்களா? கருப்பு வெள்ளை நெகட்டிவில் படமாகத் தெரிவதே வெள்ளிதான். கலர் நெகட்டிவில் டெவலப் செய்யும்போதே வெள்ளி கழன்று போய்விடும், மிஞ்சுவது வெறும் சாயம். ஆக அவர் வாங்குவது உங்கள் அப்பாவின் படங்களை இல்லை. கரைத்தோ எரித்தோ வெள்ளியைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிடுவார். பத்து வருடம் கேமரா பிடித்த உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள். அதுவும் மொபைல் கடை வாடகைக்கும் அட்வான்ஸ் தொகைக்கும் நடுவே, வீட்டுக்கு வெள்ளையடித்தோம் என்று எழுதுகிற மாதிரி.

அந்தக் கருப்பு வெள்ளைப் பெட்டிகள் எந்தக் காலத்தவை என்று கணக்குப் போடுங்கள். 1976இல் கடை திறந்தவர் என்றால் முதல் பத்துப் பன்னிரண்டு வருடத்து வேலை முக்கால்வாசி அதில்தான் இருக்கும். 1964இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் கப்பலில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியாக உங்கள் மலைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. 1984இல் கப்பல் நின்றது. வந்தவர்களுக்கு ரேஷன் கார்டுக்குப் படம் வேண்டும், கடனுக்குப் படம் வேண்டும், அக்கரையில் விட்டுவந்த அண்ணன் தங்கைக்கு அனுப்பக் குடும்பப் படம் வேண்டும். எங்கே போயிருப்பார்கள்? பஜாரில் இருந்த ஸ்டுடியோவுக்குத்தான். ஹெத்தை ஹப்பா திருவிழாவுக்கு வெள்ளை உடுத்தி வந்த படுகர் குடும்பங்களும் அங்கேதான் நின்றிருக்கும். பள்ளிக்கூட குரூப் போட்டோ, பெண் பார்க்க அனுப்பிய படம், கடைசியில் நாற்காலியில் சாய்த்து வைத்து எடுத்த சாவுப் படம். ஊரே தன் முகத்தைக் காசு கொடுத்து உங்கள் அப்பாவிடம் பதிந்து வைத்திருக்கிறது. நீங்கள் ஆவணப் புகைப்படம் கற்க நாலரை லட்சம் புரட்டுகிறீர்கள். அந்தப் பணத்தைச் சேர்க்க முதலில் கிளம்புவது ஆவணம்.

அந்தப் பெட்டிகளில் இந்து பிலிமும் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். ஊட்டி இந்து நகரில் 1967இலிருந்து பிலிம் செய்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1996இல் நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டு, பின்னால் மூடியே போனது. இதே மலையில் செய்த பிலிமில், இதே மலைக்காரர்களை, இதே மலையில் கடை வைத்தவர் எடுத்திருக்கிறார். இதற்கு மேல் என்ன ப்ராஜெக்ட் வேண்டும் உங்களுக்கு?

தோடர் மந்துப் படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நன்றாகவே இருக்கலாம், நான் பார்க்கவில்லை. ஆனால் நீலகிரியின் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் எழுதி 1873இல் வந்த புத்தகத்திலேயே தோடர் படங்கள் இருக்கின்றன. அன்றிலிருந்து மலையேறிய கேமரா எல்லாம் அந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. வெளியூர்க்காரர் எடுக்க முடியாத எதை நீங்கள் அங்கே எடுத்தீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தன் வீட்டுப் பரணை விட்டுவிட்டு அடுத்தவர் மந்துக்கு நாலு வருடம் நடந்திருக்கிறீர்கள்.

ஸ்டுடியோக்காரர் எடுத்தால் அது கலையா என்று கேட்பீர்கள். படிப்புக்கு இடம் கிடைத்தவர்களுக்கு இந்த இளக்காரம் சீக்கிரம் வந்துவிடும். மாலி நாட்டு பமாகோவில் 1948இல் ஸ்டுடியோ திறந்த செய்தூ கெய்த்தா என்பவர், காசு கொடுத்த வாடிக்கையாளரைத்தான் எடுத்தார். 1990களில் அந்த நெகட்டிவ்கள் வெளியே வந்தபோது பாரிஸ் கண்காட்சி வைத்துக் கொண்டாடியது. அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்துச் சின்ன ஊர் ஒன்றில் ஸ்டுடியோ வைத்திருந்த டிஸ்ஃபார்மர் 1959இல் இறந்தபோது, அவருடைய கண்ணாடி நெகட்டிவ்களை உள்ளூர்க்காரர் ஒருவர் சொற்பக் காசுக்கு வாங்கிப் பத்திரமாக வைத்தார். இன்று அவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடித்தேடி ஸ்கேன் செய்து வைத்தது. அவர்கள் தேடிப்போன பொருள் உங்கள் பரணில் இருந்தது. நீங்கள் கோவைக்காரரைக் கூப்பிட்டீர்கள்.

இப்போது தொழில் விஷயம். ஆவணப் புகைப்படத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் உலகம் முழுக்கவே கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் கல்யாணம் எடுப்பார்கள், பாடம் நடத்துவார்கள், விளம்பரம் எடுப்பார்கள். மில்டன் ரோகோவின் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுத்துப் பிழைத்தவர். 1972இல் அதே ஊரின் ஏழைத் தெருக்களில் சில குடும்பங்களைப் படமெடுக்கத் தொடங்கி, பத்து வருடம் கழித்து, இருபது வருடம் கழித்து, அதற்கப்புறமும் அதே வாசல்களுக்குத் திரும்பிப் போனார். இங்கே மதுரை பழனிகுமார் மீன் விற்ற தன் தாயைப் படமெடுத்தார், துப்புரவுத் தொழிலாளர்களைப் படமெடுத்தார். 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது முதல்முறையாகக் கொடுக்கப்பட்டபோது அவருக்குத்தான் கொடுத்தார்கள். கல்யாண ஆர்டர் உங்களைக் கெடுக்கிறது என்று மூக்கால் அழுவதை விடுங்கள். மலையில் நாலு கல்யாணம் எடுத்தால்தான் பெட்டிக்குச் செலவழிக்கக் கையில் காசிருக்கும்.

பெட்டியை எப்படிக் காப்பாற்றுவது? புளிச்ச வாடை பிலிமின் அடித்தளம் சிதைவதால் வருவது. அந்த ஆவி பக்கத்தில் இருக்கிற நல்ல சுருளையும் கெடுக்கும், மூடிய டிரங்கு அதை உள்ளேயே அடைத்து வைக்கும். ஆகவே வாடை அடிக்கிறதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள், அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். பூஞ்சை பட்டதைத் தண்ணீரில் கழுவவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீர் பட்டால் படத்தோடு கரைந்துவிடும். முதலில் ஈரம் போக உலர்த்துங்கள், பிறகு மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். முகக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அப்பாவுக்கும் ஒன்று கொடுங்கள். பிளாஸ்டிக் உறையை விட அமிலமில்லாத காகித உறை நல்லது. கோத்தகிரியின் குளிர் பிலிமுக்கு நல்லதுதான், ஈரம்தான் எமன். அலமாரியில் சிலிக்கா ஜெல் போட்டு அடிக்கடி மாற்றுங்கள். ஸ்கேனர் வாங்க ஓடவேண்டாம். ஒரு லைட் பாக்ஸும் உங்களிடம் இருக்கிற மேக்ரோ லென்ஸும் போதும், மோதிரத்தை எடுக்கிற லென்ஸ்தானே அது.

இதெல்லாம் கை வேலை, யாரும் செய்துவிடலாம். செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. நெகட்டிவில் இருக்கிற ஆள் யார், எந்த லைன் வீடு, எந்த ஹட்டி (படுகர் ஊர்), எதற்காக வந்து நின்றார் என்பதெல்லாம் அப்பாவின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. பழைய பில் புத்தகங்கள் பரணில் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். பேரும் தேதியும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிக்கு அவர்தான் வாய் திறக்க வேண்டும். 72 வயது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படிப்பு அடுத்த வருடமும் இருக்கும், கேட்டால் இடத்தைத் தள்ளிக்கூட வைப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

ஒன்றில் எச்சரிக்கை. இவை கிடைத்ததும் கண்காட்சி வைத்துப் பேர் வாங்கலாம் என்று உங்கள் மனசு ஓடும், எனக்குத் தெரியும். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு முதல் உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. சட்டம் கிடக்கட்டும், ரேஷன் கார்டுக்கு எடுத்த முகத்தைக் கேட்காமல் சுவரில் மாட்ட நாம் யார்? ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அந்த வீட்டைத் தேடிப் போங்கள். கொடுங்கள், உட்காருங்கள், பேசுங்கள், அனுமதி கேளுங்கள். சரி என்றால் அவர்களை இன்றைக்கு அதே இடத்தில் நிறுத்தி நீங்கள் ஒரு படம் எடுங்கள். பழைய படத்தின் கீழே அப்பாவின் பெயர், புதிய படத்தின் கீழே உங்கள் பெயர். மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பிள்ளை தகப்பன் தொழிலையே செய்யவேண்டும் என்று நினைக்கிறவள் இல்லை நான். கடையை மூடுங்கள், மொபைல் கடை வைக்கட்டும், அது உங்கள் இஷ்டம். ஆனால் தகப்பன் நாற்பது வருடம் செய்த வேலை என்னவென்று ஒருமுறையாவது பிரித்துப் பார்ப்பது பிள்ளையின் கடன். பார்க்காமல் எடைக்குப் போடுவது அவரையே வாசலில் நிறுத்துவதற்குச் சமம். அப்பா ஏன் பேசவில்லை என்று உங்களுக்குப் புரியவில்லையாம்!

அம்மாவின் அழுகைக்கும் கல்யாணத்துக்கும் தனியாக எழுதுங்கள். பெண் பார்க்கும் முன் வரப்போகிறவளிடம் வருமானக் கணக்கை ஒளிக்காமல் சொல்லுங்கள், இப்போதைக்கு அவ்வளவுதான்.

கோவைக்காரருக்கு இன்றே போன் செய்து ரெண்டாயிரத்தைத் திருப்பி அனுப்புங்கள். அனுப்பிய விஷயத்தை வழக்கம்போல அம்மா மூலமாக அப்பாவுக்குச் சொல்லி அனுப்பாதீர்கள். நீங்களே போய்ச் சொல்லுங்கள்.