கார்னெலா, வெனிட்டாவா?

கேள்வி: கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'யூரோப் 72' ஆல்பம், 1972 வெனிட்டா, 1977 கார்னெல் மூன்று பதிவுகளும் எங்களிடம் இருக்கின்றன. எது சிறந்தது என்று கூட்டாளிகளுக்குள் ஓயாத வாக்குவாதம். நீங்கள் எதைச் சொல்வீர்கள்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வாசிப்புக்கு வெனிட்டா, ஒலிப்பதிவுக்குக் கார்னெல். இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் உங்கள் வாக்குவாதம் தீரமாட்டேன் என்கிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹாலில் 1977 மே 8 அன்று நடந்த கச்சேரியைப் பதிவு செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். அரங்க ஸ்பீக்கருக்குப் போகும் கலவையை அப்படியே பிடிக்காமல், நாடாவுக்கென்று தனியாகக் கலந்தார். சாதாரண மிக்ஸர் பதிவில் குரல் முன்னால் நிற்கும், கிட்டார் மெலிந்துவிடும். மேடையிலேயே ஆம்ப்ளிஃபையர் அலறுவதால் கிட்டாரை மிக்ஸரில் கூட்டியிருக்க மாட்டார்கள். அந்தக் குறை இங்கே இல்லை. 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' கரைந்து 'ஃபயர் ஆன் த மவுண்டன்' பிறக்கும் இடத்தைக் கேளுங்கள். பாட்டு எந்த நொடியில் மாறியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. அதற்குள் இரண்டே கார்டுகளில் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஊஞ்சல் ஆடத் தொடங்கியிருக்கும்.

வெனிட்டா வேறு ரகம். 1972 ஆகஸ்ட் 27, ஆரிகன் மாநிலத்தில் ஒரு பால் பதனிடும் ஆலைக்கு நிதி திரட்டத் திறந்த வெளியில் நடந்த கச்சேரி. கொளுத்தும் வெயிலில் கிட்டார்களின் சுருதி கலைந்துகொண்டே இருந்தது. ஆனாலும் அரை மணி நேரம் ஓடும் அந்த 'டார்க் ஸ்டார்' போல இன்னொன்று இல்லை என்பது என் உறுதியான எண்ணம். குழுவின் இன்னொரு டிரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட் 1971இலேயே விலகியிருந்ததால் டிரம்ஸில் பில் க்ரூட்ஸ்மேன் ஒருவர்தான். ஒற்றை மிருதங்கம் பாடகரோடு வளைந்து போவது போல, கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா திரும்பும் பக்கமெல்லாம் தாளமும் திரும்புகிறது. 1977இல் மறுபடி இருவர். கனம் கூடியது, அந்த நெளிவு குறைந்தது.

ஒப்பிட 'ஜாக் ஸ்ட்ரா' பாட்டை எடுங்கள், மூன்றிலும் இருக்கிறது. ஒலி அளவை முதலில் சமப்படுத்துங்கள். 1 டெசிபல் கூடினாலே அதுதான் நல்ல பதிவு என்று காது முடிவு கட்டிவிடும். 'யூரோப் 72'இல் பல குரல்கள் பிறகு ஸ்டூடியோவில் பாடிச் சேர்த்தவை, ஆகவே குரலை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மழை தகரக் கூரையில் கொட்டும்போது வேண்டாம். காற்றாடியையும் நிறுத்துங்கள், அதன் இரைச்சலில் சிம்பலின் வால் ஒலி முழுகி, பதிவு மங்கல் என்று தோன்றும்.

கேள்வி: ஒரே கச்சேரியின் இரண்டு பிரதிகளில் ஒன்று கீச்சென்று வேகமாக ஓடுகிறது. சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். ரசிகர் பதிவு செய்தபோது ரெக்கார்டரின் பேட்டரி இறங்கி நாடா மெதுவாக ஓடியிருக்கும். பிறகு சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறிவிடும். பியானோ நீண்டு ஒலிக்கும் இடத்தைச் சுருதி காட்டும் செயலியில் பாருங்கள். 50 சென்ட் (அரைச்சுரத்தில் பாதி) கூடுதலாகக் காட்டினால் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் வேகத்தை 2.8 விழுக்காடு குறையுங்கள். சுருதியை மட்டும் இறக்கும் கட்டளையைத் தொடாதீர்கள். தாளம் பழைய வேகத்திலேயே நின்றுவிடும். கச்சேரியின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் அளந்து பாருங்கள். பேட்டரி போகப் போக இறங்கும் என்பதால் ஒரே கணக்கு முழுவதற்கும் பொருந்தாது.

கேள்வி: காரில் போட்டால் தொடர்ந்து போகும் பாட்டுகளுக்கு நடுவே 'டக்' என்று அறுபடுகிறது. ஏன்?

பதில்: எம்பி3 கோப்பின் முன்னும் பின்னும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும். ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் (FLAC) கோப்பில் அது இல்லை. 3 மணி நேரக் கச்சேரிக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். காரின் பிளேயர் அதிலும் இடைவெளி விட்டால், தொடர் பாட்டுகளை மட்டும் ஒரே கோப்பாக இணைத்து பென்டிரைவில் ஏற்றுங்கள்.